மிகை ஆற்றல் குடியிருப்பு: வரவு செலவு எங்கே தவறுகிறது?

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில், வோபான் பகுதியை ஒட்டி 59 வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ரோல்ஃப் டிஷ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தவை. 2000க்கும் 2006க்கும் இடையில் கட்டப்பட்டவை. கூரை முழுக்க சோலார் பேனல். எல்லாம் சேர்த்து சுமார் 445 கிலோவாட். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,20,000 யூனிட் மின்சாரம் தருகிறது. வீட்டுக்கு வீடு பிரித்தால் 7,000 யூனிட்டுக்குச் சற்று மேலே வருகிறது. அந்த வீடுகளின் செலவு அதைவிடக் குறைவு.

இப்படி ஒன்றோடொன்று இணைந்து, தங்களுக்கு வேண்டியதைவிட அதிக ஆற்றலை உண்டாக்கும் கட்டடங்களின் கூட்டத்தை மிகை ஆற்றல் குடியிருப்பு என்று சொல்லலாம். 2025க்குள் இப்படி நூறு குடியிருப்புகள் வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 2018இல் இலக்கு வைத்தன. திட்டங்கள் ஏராளமாக வந்தன. கட்டி முடித்து, ஆட்கள் குடியேறி, மீட்டரில் மிகையைக் காட்டியவை சொற்பம். இந்த யோசனையின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனாலேயே அது எங்கெங்கே சறுக்குகிறது என்று உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பேனலிலிருந்து தொடங்குவது

ஃப்ரைபுர்க் படங்களைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது கூரை. "சரி, நாமும் பேனல் போட்டுவிடுவோம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் முக்கியமான வேலை அந்தக் கூரைக்குக் கீழே நடந்திருக்கிறது. வீடுகள் தெற்கு பார்த்தவை. கோடையில் உச்சியில் நிற்கும் வெயில் உள்ளே வராதபடி கூரையின் விளிம்பு வெளியே நீண்டிருக்கிறது. குளிர்காலத்தில் தாழ்வாக வரும் வெயிலோ அதே ஜன்னல் வழியாக அறைக்குள் ஆழமாக விழும். சுவர்கள் தடித்த வெப்பக்காப்பு கொண்டவை. வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் கருவியும் உண்டு.

இந்த வழிமுறை ஜெர்மனியில் அதற்கு முன்பே உருவாகியிருந்தது. 1991இல் டார்ம்ஷ்டாட் நகரில் கட்டப்பட்ட முதல் பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த ஆற்றலிலேயே சூடாக இருக்கும் வீடு) வீடுகளிலிருந்து வளர்ந்த தர அளவு, சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் கூடாது என்கிறது. செலவை அந்த அளவுக்கு இறக்கிய பிறகு கூரை போதுமானதாகிவிடுகிறது. ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது.

கட்டடத்தின் உயரமும் இங்கேயே வருகிறது. ஃப்ரைபுர்க் வீடுகள் இரண்டு, மூன்று மாடிகள்தான். அதே கூரைக்குக் கீழே மாடிகளை இரட்டிப்பாக்கினால், வீட்டுக்குக் கிடைக்கும் 7,000 யூனிட் 3,500 ஆகிவிடும். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தைக் காட்டி, மொட்டைமாடி பேனலால் மட்டுமே மிகை வரும் என்று யாராவது சொன்னால், கூரையின் பரப்பையும் வீடுகளின் எண்ணிக்கையையும் முதலில் கேளுங்கள்.

இயந்திரத்தை நம்பி ஊரைக் கட்டுவது

தென் லண்டனின் சட்டன் பகுதியில் 2002இல் பெட்செட் என்ற குடியிருப்பு திறக்கப்பட்டது. நூறு வீடுகள், கூடவே வேலை செய்யும் இடங்கள். பில் டன்ஸ்டர் வடிவமைத்தது. கூரை மேல் காற்றுக்கேற்பத் திரும்பும் வண்ண வண்ணப் புகைக்கூண்டுகளை வைத்தே அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். மின்சாரம், வெந்நீர் இரண்டையும் ஒரே நிலையத்திலிருந்து கொடுப்பது திட்டம். மரத்துண்டுகளைச் சூடாக்கி வாயுவாக மாற்றி, அந்த வாயுவில் என்ஜினை ஓட்ட வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இவ்வளவு சிறிய அளவில், ஆள் நிற்காமல் ஓடக்கூடிய வகையில் அந்தத் தொழில்நுட்பம் அப்போது கனிந்திருக்கவில்லை. மரவாயுவில் தார் படியும். குழாய்களும் என்ஜினும் அடைபடும். நிலையம் ஒழுங்காக ஓடவே இல்லை. 2005இல் நிறுத்தினார்கள். சமையல் எரிவாயுவைப் போலக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் ஓடும் பாய்லர்கள் அந்த இடத்துக்கு வந்தன.

பெட்செட் தோற்றுவிட்டது என்று எழுதுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது சரியில்லை. சில ஆண்டுகள் கழித்து அளந்து பார்த்தபோது, அந்த வீடுகளைச் சூடாக்க ஆன ஆற்றல் அந்தப் பகுதியின் சராசரியைவிட ஏறக்குறைய 80 சதவீதம் குறைவாக இருந்தது. மின்சாரச் செலவும் பாதிக்குப் பக்கமாகக் குறைந்திருந்தது. இயந்திரம் போன பிறகும் தடித்த சுவர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

புதிய தொழில்நுட்பத்தைச் சோதிக்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ஒரு மூலையில் சோதிக்கலாம். குடியிருப்பின் ஒரே இதயமாக அதை வைக்கக் கூடாது. அது நின்றால் அடுத்து என்ன ஓடும் என்பது முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கை அன்றாடக் கணக்கு என்று நினைப்பது

எனக்குத் தெரிந்து மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். மிகை என்பது பெரும்பாலும் 365 நாளையும் கூட்டி வரும் எண். மக்கள் வாழ்வது மணி மணியாக. ஜூன் மாத நண்பகலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைப் பொழிகிறது, வீடுகளில் ஆளில்லை. ஜனவரி மாதம் மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு, அடுப்பு, வெளியிலுள்ள சூட்டை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் எல்லாம் ஓடுகிறது, கூரையில் ஒன்றும் இல்லை. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் மிகை. ஆனால் ஜனவரி மாலைக்குத் தேவையான மின் நிலையத்தை வேறு யாரோ எங்கோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் பவர்ஹவுஸ் ப்ராட்டோர்காயா என்ற அலுவலகக் கட்டடம் 2019இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தது ஸ்னோஹெட்டா நிறுவனம். சரிந்த கூரையிலும் சுவர்களிலும் பேனல்கள். சராசரியாக ஆண்டுக்கு 4,85,000 யூனிட் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். அன்றாடம் செலவழிப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மிச்சத்தை அக்கம்பக்கக் கட்டடங்களுக்கும் மின்சாரப் பேருந்துகளுக்கும் படகுகளுக்கும் கொடுப்பது நோக்கம். அந்த ஊர் 63 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் நாலரை மணி நேரம்தான் தலைகாட்டும். அங்கே இந்தக் கணக்கு தாங்குவதற்குக் காரணம், நார்வேயின் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர்மின்சாரம். வெயில் அதிகமுள்ள மாதங்களில் அணையில் தண்ணீரை நிறுத்திவைத்துக் குளிர்காலத்தில் திறக்கலாம். நிலக்கரியை நம்பியிருக்கும் ஒரு நாட்டில் அதே கட்டடம் அதே மிகையைக் காட்டினாலும், குளிர்கால இரவில் நிலக்கரிதான் எரியும்.

மிச்ச மின்சாரம் வெளியே போகவும் வழி வேண்டும். ஐரோப்பாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரே தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைத் தள்ளினால் அது ஏறுகிறது. 253 வோல்ட்டைத் தாண்டியதும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர்கள் தாமாகவே நின்றுவிடும். நல்ல வெயில் நேரத்தில் பேனல் சும்மா கிடக்கும். நெதர்லாந்தில் மின்கட்டமைப்பு நெரிசல் காரணமாகப் புதிய இணைப்புக்காக நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. ஆகவே திட்ட அறிக்கையில் ஆண்டு மொத்தம் மட்டும் இருந்தால் போதாது. மணிவாரி வரவு செலவையும் டிரான்ஸ்ஃபார்மரின் தாங்குதிறனையும் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி

வெறும் வீடுகளாகக் கட்டினால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவை, ஒரே நேரத்தில் மிச்சம். அப்போது இணைத்து என்ன பயன்? பகிர்ந்துகொள்ள எதிரெதிர் நேரத்துத் தேவைகள் வேண்டும். பகலில் ஓடும் அலுவலகம், நாள் முழுக்கச் சூட்டை வெளியே தள்ளும் கடைக் குளிர்பெட்டிகள், மாலையில் வெந்நீர் கேட்கும் வீடுகள், இவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இணைப்புக்கு அர்த்தம் வருகிறது.

பிரான்ஸின் லியோன் நகரில், இரண்டு ஆறுகள் கூடும் கொன்ஃப்ளுவான்ஸ் பகுதியில் 2015இல் திறக்கப்பட்ட ஹிகாரி இதற்கு நல்ல உதாரணம். கெங்கோ குமா வடிவமைத்த மூன்று கட்டடங்கள். பெயர்கள் ஹிகாஷி, மினாமி, நிஷி. ஜப்பானிய மொழியில் கிழக்கு, தெற்கு, மேற்கு. அலுவலகம், வீடு, கடை என்று கலந்து, மூன்றும் ஆற்றலைப் பகிர்ந்துகொள்ளும்படி திட்டமிட்டார்கள். கட்டடங்களைக் குளிர்விக்க சோன் ஆற்றுத் தண்ணீர். ஃப்ரைபுர்க்கிலும் வீடுகளுக்கு முன்னால் கடைகளும் அலுவலகங்களும் கொண்ட நீண்ட கட்டடம் ஒன்று உண்டு. சாலை இரைச்சல் வீடுகளுக்குப் போகாமலும் அதுவே தடுக்கிறது.

எல்லைக்கோட்டை வசதிக்கு வரைவது

எதைச் செலவில் சேர்த்தார்கள்? சூடும் விளக்கும் மட்டுமா, டிவி, வாஷிங் மெஷின் எல்லாமுமா, காருமா? எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் கழித்தல் கூட்டலாகிவிடும். நான் மெச்சும் ஃப்ரைபுர்க் வீடுகளுக்கே இது பொருந்தும். அவற்றின் சூடு கூரையிலிருந்து வருவதில்லை. வோபான் பகுதிக்கென்று மரத்துண்டு எரிக்கும் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து குழாய் வழியாக வருகிறது. ஆண்டு மொத்தத்தில் மிகை என்பது அப்போதும் நிற்கிறது. ஆனால் "சூரியனே எல்லாம் தருகிறது" என்று எழுதினால் அது உண்மையில்லை.

ட்ரான்ட்ஹெய்ம் கட்டடத்தில் எனக்குப் பிடித்தது, எல்லைக்கோட்டை வெளியே தள்ளி வரைந்திருப்பது. சிமென்ட், இரும்பு, கண்ணாடி செய்ய ஆன ஆற்றல், கட்டுமானம், ஒருநாள் இடிக்க ஆகப்போகும் ஆற்றல் வரை சேர்த்து, வாழ்நாள் முழுக்க மிகை வர வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டார்கள். நல்ல நிலையில் உள்ள பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிய மிகை ஆற்றல் குடியிருப்பு கட்டுகிறவர்கள் இந்த விதியைப் பார்க்க வேண்டும். அயர்லாந்தின் லிமரிக் நகரம் தன் பழைய ஜார்ஜியன் காலத் (18ஆம், 19ஆம் நூற்றாண்டு) தெருக்களையே இதற்குத் தேர்ந்தெடுத்தது. அது கடினமான வழி. ஆனால் ஐரோப்பாவில் மக்கள் குடியிருப்பது பெரும்பாலும் பழைய கட்டடங்களில்தான்.

காரும் அப்படித்தான். வோபானில் கார் வைத்திருப்பவர் ஓரத்திலுள்ள அடுக்குமாடி நிறுத்தகத்தில் தனியாகப் பணம் கட்டி இடம் வாங்க வேண்டும். டிராம் உள்ளேயே வருகிறது. பலர் கார் இல்லாமலே இருக்கிறார்கள்.

சலுகை நிரந்தரம் என்று நம்புவது

ஜெர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் சோலார் மின்சாரம் யூனிட்டுக்கு 99 ஃபெனிக் (பழைய ஜெர்மன் காசு), அதாவது சுமார் 50 யூரோ சென்ட், 20 ஆண்டுக்கு என்று உறுதி தந்தது. அந்த விலை இல்லாமல் ஃப்ரைபுர்க் குடியிருப்பு போன்றவை எழுந்திருப்பது கடினம். முதலில் இணைந்தவர்களுக்கு 2020 கடைசியோடு அது முடிந்தது. நெதர்லாந்திலும், கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழித்துக்கொள்ளும் முறை 2027 ஜனவரி 1 முதல் நிறுத்தப்படும் என்று சட்டமாகிவிட்டது. சலுகை காலத்திலேயே, சொந்த மின்சாரத்தைச் சொந்த இடத்தில் பயன்படுத்தும் வழிகளுக்குப் பணம் ஒதுக்கிவிட வேண்டும்: வெந்நீர்த் தொட்டி, பேட்டரி, கார் சார்ஜர்.

சட்டமும் குறுக்கே வரும். உங்கள் கூரையில் மிஞ்சியதைச் சாலைக்கு எதிர்ப்புறம் இருப்பவருக்கு விற்றால், பல நாடுகளில் நீங்கள் மின்விநியோக நிறுவனம் ஆகிவிடுவீர்கள், உரிமம் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல்தான் ஆற்றல் சமூகங்களுக்கு, அதாவது சேர்ந்து மின்சாரம் உண்டாக்கிப் பகிரும் மக்கள் குழுக்களுக்கு, இந்த உரிமையைச் சட்டத்தில் எழுதியது. அஸ்திவாரம் தோண்டும் முன்பே வக்கீலிடம் கேட்க வேண்டிய விஷயம் இது. அப்புறம் கேட்டால் கேபிள் போட்டும் பயனில்லை.

கட்டியதோடு முடிந்தது என்று நினைப்பது

கனடாவின் ஒகோடோக்ஸ் ஊரில் டிரேக் லேண்டிங் என்ற 52 வீடுகள். இது மிகை ஆற்றல் குடியிருப்பு கிடையாது. சூடாக்கும் வேலையை மட்டும் சூரியனிடம் விட்ட குடியிருப்பு. ஆனாலும் இங்கே கற்க நிறைய இருக்கிறது. கோடையில் கார் ஷெட் கூரைகளில் கிடைத்த சூட்டைக் கொண்டு, சுமார் 35 மீட்டர் ஆழமுள்ள 144 துளைகள் வழியாக மண்ணையே சூடாக்கினார்கள். குளிர்காலத்தில் அந்தச் சூட்டைத் திரும்ப எடுத்தார்கள்.

2007இல் தொடங்கிய முதல் ஆண்டில் தேவையில் 55 சதவீதம்தான் கிடைத்தது. மண் சூடேறக் காலம் பிடிக்கும். ஐந்தாம் ஆண்டில் 90 சதவீதத்தைத் தாண்டியது. 2015-16 குளிர்காலத்தில் 100 சதவீதம். முதல் ஆண்டு எண்ணைப் பார்த்து மூடியிருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

பிறகு கருவிகள் வயதாயின. பழுது பெருகியது. இவ்வளவு தனித்துவமான அமைப்புக்கு உதிரி பாகமும் கைதேர்ந்த ஆளும் கிடைப்பது அரிது. செலவைத் தாங்க 52 வீடுகளே இருந்தன. 2024இல் அமைப்பை நிறுத்தினார்கள். வீடுகள் இயற்கை எரிவாயு ஹீட்டருக்கு மாறின. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இன்வெர்ட்டர் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும், பம்புக்கும் ஒருநாள் அந்த நிலை வரும். குடியிருப்போர் சங்கத்தின் மாதக் கட்டணத்தில் இதற்கென்று ஒரு பங்கு முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் சேர வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் பாகங்களாக வாங்க வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்தவர் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அவர் போனால் அடுத்தவர் யார் என்பதும் இருக்க வேண்டும்.