காளானை வாடாமல், மணம் கெடாமல் வைப்பது எப்படி?

சனிக்கிழமை ஆசையாக வாங்கிய மொட்டுக் காளான், செவ்வாய்க்கிழமை பொட்டலத்தைப் பிரித்தபோது விரலில் கொழகொழவென்று ஒட்டியது. இப்படி இரண்டு பொட்டலம் குப்பைக்குப் போன பிறகுதான் காரணம் புரிந்தது. காளானில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். பறித்த பிறகும் அது மூச்சு விடுகிறது. நெகிழி உறைக்குள் அந்த ஈரம் முத்து முத்தாக வியர்த்து, மறுபடியும் காளான் மேலேயே சொட்டுகிறது.

முதல் வேலை கடையில். பொட்டலத்தின் உட்புறம் நீர்த்துளி தெரிந்தால் வைத்துவிடுங்கள். குடைக்கு அடியில் உள்ள சவ்வு விரியாமல் மூடியிருந்தால் அது இளசு.

இரண்டாவது, வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள். மண் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவுவதும் நறுக்குவதும் அடுப்பு மூட்டும்போது.

மூன்றாவது, உறையிலிருந்து எடுத்து பழுப்புக் காகிதப் பையில் போட்டு, வாயை லேசாக மடித்து, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். காய்கறிப் பெட்டி வேண்டாம், அங்கே ஈரம் அதிகம். மீன், நறுக்கிய வெங்காயம் பக்கத்திலும் வேண்டாம். ஊரில் உள்ள வாசனையையெல்லாம் காளான் வாங்கிக்கொள்ளும். மொட்டுக் காளான் நான்கைந்து நாள் தாங்கும். சிப்பிக் காளானுக்கு இரண்டு நாள்தான், அதன் மெல்லிய ஓரம் சீக்கிரம் சுருண்டுவிடும். பொறுமைசாலி பால் காளான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 என்ற பால் காளான் ரகம் நம் ஊர் வெப்பத்திலேயே விளைவது, சதைப்பற்றும் அதிகம்.

அதற்கும் மேல் வைக்க வேண்டுமா? பச்சையாக உறையவைத்தால் பனித்துகள் சதையைக் கிழித்து, இளகும்போது கூழாகிவிடும். எனவே முதலில் வதக்குங்கள். எண்ணெய் இல்லாத வாணலியில், மிதமான தீயில் துண்டுகளைப் போடுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு சளசளவென்று கொதிக்கும். பயந்து தீயை அணைக்காதீர்கள். தண்ணீர் வற்றி, ஓசை சரசரவென்று மாறும்போது இறக்கி, நன்றாக ஆறவிட்டு டப்பாவில் அடைத்து ஃபிரீசரில் வையுங்கள். ஒரு மாதம் கவலை இல்லை.

சிப்பிக் காளானுக்கு என் ஓட்டு வெயிலுக்குத்தான். நார்வாக்கில் கையால் கிழித்து, மெல்லிய துணி போர்த்தி, சுள்ளென்ற வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். மடித்தால் வளையக் கூடாது, ‘டப்’ என்று ஒடிய வேண்டும். மழைக்காலத்தில் இதை முயல வேண்டாம், பூஞ்சை பூத்துவிடும். பத்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ தேறும்.

சமைக்கும் முன் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். ஊறிய நீரை வடிகட்டி ரசத்தில் சேருங்கள். காளானின் மணமெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும்.