அப்டேட் போட்டதும் ட்ரக் மந்தமாயிடுச்சா? எலெக்ட்ரிக் ட்ரக் ஓனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ட்ரிக் பிக்கப் ட்ரக் வச்சிருக்கவங்க நடுவுல அப்பப்ப ஒரு செய்தி கிளம்பும், ‘புது சாஃப்ட்வேர் அப்டேட்ல கம்பெனிக்காரன் சத்தமில்லாம பவர குறைச்சுட்டான், யாரும் போடாதீங்க’ன்னு. ரிவியனோ, ஃபோர்டு லைட்னிங்கோ, டெஸ்லா சைபர்ட்ரக்கோ, எந்த வண்டியும் இதுக்கு விதிவிலக்கில்ல. ஒரு ஸ்க்ரீன்ஷாட், ஒரு குட்டி வீடியோ, அவ்வளவுதான், ரெண்டே நாள்ல அதுக்கு கை கால் முளைச்சு ‘எல்லா வண்டியிலயும் இப்படித்தானாம்’னு ஆயிடும். அவ்வளவு டாலர் கொட்டிக் கொடுத்து வாங்கின வண்டி, கேட்டா வயித்த கலக்கத்தான் செய்யும், அதுல தப்பே இல்ல. ஆனா அந்த பதட்டத்துல நாம பண்ற காரியம்தான் பிரச்சனை, ஏன்னா கம்பெனி நிஜமாவே கை வச்சிருந்தாலும் அத நிரூபிக்கிற வழிய நாமளே அடைச்சுடுறோம்.

முதல்ல எதிர்ப் பக்கத்து தப்ப சொல்லிடுறேன். ‘சாஃப்ட்வேர்ல எல்லாம் பவர குறைக்க மாட்டாங்க, சும்மா புரளி’ன்னு புகார் பண்றவங்கள அடக்குற கூட்டம் ஒண்ணு இருக்கு. குறைக்க முடியும், குறைச்சும் இருக்காங்க. ஷாங்காய், ஹாங்காங்ல டெஸ்லா கார் தீப்பிடிச்ச சம்பவங்களுக்கு அப்புறம் 2019 மே மாசம் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளுக்கு டெஸ்லா ஒரு அப்டேட் அனுப்புச்சு, அதுல சில வண்டிகளோட பேட்டரி மேக்ஸிமம் வோல்டேஜ் குறைஞ்சு ரேஞ்ச் இறங்கிடுச்சு. கேஸ் போட்டாங்க, 2021-ல 15 லட்சம் டாலருக்கு செட்டில்மெண்ட் ஆச்சு, 1,743 வண்டிகளுக்கு ஆளுக்கு 625 டாலர். அதுவும் போக ரிவியன் டூயல் மோட்டார் வண்டிய பாருங்க, ஸ்டாண்டர்டுல 533 ஹார்ஸ்பவர், பெர்ஃபார்மன்ஸ் அப்கிரேட் வாங்கினா 665, அந்த அப்கிரேட் சாஃப்ட்வேர்லயே வருது. ஏத்த முடியுறத இறக்கவும் முடியும். அதனால சந்தேகப்படுறவங்கள பைத்தியக்காரங்க மாதிரி பேசுறத நிறுத்தணும்.

ஆனா அந்த டெஸ்லா கேஸ் ஏன் எடுபட்டுச்சுன்னு யோசிங்க. ‘வண்டி முன்ன மாதிரி இல்ல’ன்னு யாரும் போய் நிக்கல. ஃபுல் சார்ஜ்ல வோல்டேஜ் இவ்வளவு இருந்துச்சு, அப்டேட்டுக்கு அப்புறம் இவ்வளவுதான் ஏறுதுன்னு காட்ட முடிஞ்சது. இன்னைக்கு சுத்துற வீடியோக்கள்ல பெரும்பாலானதுல இந்த மாதிரி ஒண்ணுமே இருக்காது.

நான் பாக்குற தப்புகள்லயே பெரிய தப்பு, நேத்து ராத்திரி அப்டேட் வந்துச்சு, இன்னைக்கு வண்டி இழுக்கல, அப்ப அப்டேட்தான் காரணம்னு முடிவு கட்டுறது. அப்டேட் எப்ப இன்ஸ்டால் ஆகுது? நாம தூங்கும்போது, வண்டி வெளிய நிக்கும்போது. காலையில எடுக்கும்போது பேட்டரி ஜில்லுனு இருக்கும். லித்தியம் அயன் செல்லு குளிர்ந்தா உள்ள ரெசிஸ்டன்ஸ் கூடிடும், கரண்ட் கொடுக்கிறதும் குறையும் வாங்கிக்கிறதும் குறையும், அதனால ஆக்ஸிலரேட்டர் மந்தமா தெரியும், கால எடுத்தா ரீஜென் பிரேக்கிங் (வேகம் குறையும்போது மோட்டார் பேட்டரிக்கு கரண்ட் திருப்பி அனுப்புறது) பிடிக்காது. 100% சார்ஜ் போட்டு கிளம்பினாலும் இதே ரீஜென் குறைஞ்சு போகும், ஏன்னா திரும்பி வர்ற கரண்ட் போக இடமே இல்ல. இதுல அக்டோபர், நவம்பர்ல ஒரு அப்டேட் வந்துட்டா கேக்கவே வேணாம், குளிர்காலம் பண்ற வேலை மொத்தமும் அந்த அப்டேட் தலையில விழும்.

அடுத்தது 0-60 டெஸ்ட், அதாவது நின்ன வண்டி மணிக்கு 60 மைல் வேகத்த எத்தனை செகண்ட்ல தொடுதுன்னு பாக்குறது. நெறைய பேர் ஃபோன கையில வச்சுக்கிட்டு ஸ்க்ரீன்ல ஸ்பீட பாத்து ஸ்டாப்வாட்ச் அமுக்கி ‘முன்ன மூணு செகண்ட், இப்ப மூன்றரை’ங்கிறாங்க. கட்டை விரல் அமுக்குற தாமதமே அதுல பாதிய தின்னுடும். அது போகட்டும், சார்ஜ் எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டா பதிலே வராது, அதுதானே முக்கியம்! பவர்ங்கிறது வோல்டேஜ் பெருக்கல் கரண்ட், சார்ஜ் இறங்க இறங்க பேட்டரியோட வோல்டேஜும் இறங்கும், 90%-ல ஓடுன வண்டியும் 40%-ல ஓடுன அதே வண்டியும் ஒண்ணு இல்ல. தொடர்ந்து நாலஞ்சு தடவை முழுசா அமுக்கினா சூடேறி மோட்டாரும் இன்வெர்ட்டரும் தானா பவர குறைச்சுக்கும், அது பாதுகாப்புக்குன்னு முதல் நாள்லேர்ந்தே இருக்கிற விஷயம். ஆல் டெர்ரெய்ன் டயர் மாத்தியிருந்தா அது தனி. இன்னொண்ணு, கம்பெனி விளம்பரத்துல சொல்ற நம்பர் பல நேரம் முதல் ஒரு அடி உருள்றத கழிச்சுட்டு எடுக்கிறது, நாம நின்ன இடத்துலேர்ந்து எடுத்தா கூடுதலாத்தான் வரும்.

சரியா அளக்கணும்னா இப்படி பண்ணுங்க. வினாடிக்கு பத்து தடவையாவது அளக்குற தனி ஜிபிஎஸ் கருவி ஒண்ணு வாங்குங்க. ஆள் நடமாட்டமே இல்லாத சமதளமான இடம், ட்ராக் கிடைச்சா ரொம்ப நல்லது. 80% சார்ஜ், அரை மணி நேரம் ஓட்டி பேட்டரி சூடான பிறகு, அதே மோட், அதே டயர் பிரஷர், ரெண்டு திசையிலயும் ஓட்டி சராசரி எடுக்கணும், வெளிய வெப்பநிலை எவ்வளவுன்னு எழுதி வைக்கணும். அப்டேட் வர்றதுக்கு முன்னாடியே இத ஒரு தடவை எடுத்து வைங்க, வந்த பிறகு எடுத்தா எதோட ஒப்பிடுவீங்க?

மோடையும் பாருங்க. வேற டிரைவர் ப்ரொஃபைல்ல வண்டி கிளம்பியிருந்தா சைபர்ட்ரக் மெதுவா வேகமெடுக்குற ‘சில்’ (Chill) மோட்ல நிக்கலாம், ரிவியன் சார்ஜ மிச்சம் பிடிக்கிற ‘கன்சர்வ்’ மோட்ல இருந்தா முன் சக்கரம்தான் இழுக்கும், ரெண்டுமே ‘பவர் போச்சு’ன்னு தோண வைக்கும்.

ரேஞ்ச் விஷயத்துல டிஸ்ப்ளேல தெரியிற மைல பேட்டரியோட அளவுன்னு நினைச்சுக்கிறது ரொம்ப சகஜமான தப்பு. அது ஒரு கணிப்பு. பல வண்டியில சமீபத்துல நீங்க எப்படி ஓட்டினீங்கன்னு பாத்து போடுறது. போன வாரம் பெரிய ட்ரெய்லர் இழுத்தீங்கன்னா பாதியா கூட காட்டும். அப்டேட்ல அந்த கணக்குப் போடுற முறைய மட்டும் மாத்தியிருந்தாலும் நம்பர் குதிக்கும், பேட்டரில ஒரு துளி கூட மாறியிருக்காது. அதுக்குப் பதிலா கிலோவாட் ஹவர்ல கணக்கு போடுங்க. எக்ஸ்டெண்டட் ரேஞ்ச் லைட்னிங்க எடுத்துக்குங்க, யூஸ் பண்ணக்கூடிய பேட்டரி 131 கிலோவாட் ஹவர். 80%-ல கிளம்பி 30%-ல நிறுத்தினா பாதி பேட்டரி, அப்ப ட்ரிப் மீட்டர்ல சுமார் 65 கிலோவாட் ஹவர் செலவுன்னு வரணும், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா கவலை இல்ல. அதே தூரத்த ரெண்டு மூணு தடவை ஓட்டியும் 50-தான் வருதுன்னா அப்ப கேள்வி கேக்க விஷயம் இருக்கு. 8 வருஷ பேட்டரி வாரண்டில கொள்ளளவு 70%-க்கு கீழ போச்சாங்கிறதுதான் கணக்கு, டிஸ்ப்ளே மைல காட்டி அங்க ஒண்ணும் நடக்காது.

இதெல்லாம் கேட்டு பயந்து அப்டேட்டே போடாம மாசக்கணக்கா வச்சிருக்கவங்கள நினைச்சா எனக்கு நிஜமாவே கவலையா இருக்கு. அப்டேட்ல தப்பு நடக்காதுன்னு சொல்லல. 2023 நவம்பர்ல ரிவியன் தப்பான பாதுகாப்பு சர்ட்டிஃபிகேட்டோட (அப்டேட் கம்பெனியோடதுதான்னு வண்டி சரிபாக்குற டிஜிட்டல் முத்திரை) ஒரு அப்டேட்ட அனுப்பி, கொஞ்சம் வண்டிகள்ல ஸ்க்ரீனே வேலை செய்யாம போச்சு. அதனால ஒரு வாரம் பொறுத்துப் போடுறது நியாயம்தான். ஆனா ரீகால் வேலையே இப்ப அப்டேட்லதான் வருது. 2024 அக்டோபர்ல 27,000-க்கு மேல சைபர்ட்ரக்குகள்ல ரிவர்ஸ் கேமரா படம் லேட்டா வருதுன்னு ரீகால் வந்துச்சு, சரி பண்ணினது ஓடிஏ (இன்டர்நெட் வழியா தானா வர்ற) அப்டேட்தான். பவர் போயிடும்னு பயந்து அத தள்ளிப் போட்டவங்க பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு தெரியாம ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருப்பாங்க.

பாதுகாப்புக் குறையினால கம்பெனி எதையாவது குறைச்சா அத மறைக்க அமெரிக்காவுல சட்டம் இடம் கொடுக்காது, அங்க சாலைப் பாதுகாப்ப கவனிக்கிற அரசு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ-கிட்ட ரீகால் ரிப்போர்ட் போகணும். செவ்ரோலே போல்ட் பேட்டரி தீப்பிடிச்ச விவகாரத்துல சில வண்டிகளுக்கு சார்ஜ 80%-ல நிறுத்துற சாஃப்ட்வேர் வந்தப்ப அது வெளிப்படையா ரீகாலாவே வந்துச்சு. டீலர்களுக்கு கம்பெனி அனுப்புற சர்வீஸ் புல்லட்டின் காப்பியும் என்ஹெச்டிஎஸ்ஏ-க்கு போகணும். அதனால வீடியோ பாத்ததும் முதல் வேலையா உங்க வண்டியோட 17 எழுத்து அடையாள எண்ண (வின் நம்பர்) என்ஹெச்டிஎஸ்ஏ தளத்துல போட்டுப் பாருங்க, அப்புறம் ரிலீஸ் நோட்ஸ முழுசா படிங்க. அந்த வீடியோ போட்டவரோட வண்டி எந்த மாடல், எந்த பேட்டரி, எந்த வெர்ஷன்னு தெரியாம உங்க வண்டியோட ஒப்பிடாதீங்க.

இவ்வளவும் பண்ணிட்டு வித்தியாசம் நிஜமா இருந்தா விடாதீங்க. சர்வீஸ் சென்டர்ல போய் ‘இழுக்கல சார்’ன்னு சொன்னா ‘எல்லாம் நார்மல்’னு அனுப்பிடுவாங்க. பழைய வெர்ஷன் நம்பர், புது வெர்ஷன் நம்பர், தேதி, வெப்பநிலை, சார்ஜ் சதவீதம், அப்டேட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்த அளவு எல்லாம் வச்சு எழுத்துல கேளுங்க, டிக்கெட் நம்பர் வாங்கிக்குங்க, ஜிபிஎஸ் ஃபைல எடிட் பண்ணாம அப்படியே வைங்க. ஓட்டும்போது திடீர்னு பவர் விழுந்து ஆபத்தாச்சுன்னா அத என்ஹெச்டிஎஸ்ஏ-லயும் புகாரா பதிவு பண்ணுங்க, ஒரே மாதிரி புகார் பல வண்டிகள்லேர்ந்து சேந்தா அவங்க விசாரணைக்கு எடுக்க வாய்ப்பு அதிகம்.