காது கேளாத மாணவருக்கு உங்கள் பேச்சைத் திரையில் காட்டுவது எப்படி?

கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பாடம் நடத்துகிறோம். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு அந்த நேரத்தில் நம் உதட்டசைவும் தெரியாது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப ஒரு ஆண்ட்ராய்டு போன் போதும்.

லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற இலவசச் செயலியை 2019இல் கூகுள் வெளியிட்டது. காது கேளாதோர் படிக்கும் அமெரிக்காவின் கல்லாடெட் பல்கலைக்கழகமும் அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தது. நாம் பேசப் பேச எழுத்தாகக் காட்டும், தமிழிலும் காட்டும். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். எல்லார் முன்னாலும் மேசையில் போன் இருப்பது சிலருக்குக் கூச்சமாக இருக்கும்.

சம்மதம் என்றால் பிளே ஸ்டோரிலிருந்து செயலியை நிறுவி, மைக் அனுமதி கொடுங்கள். அமைப்புகளில் முதல் மொழியாகத் தமிழ், இரண்டாவதாக ஆங்கிலம் வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். இணைய இணைப்பு இருக்கட்டும்.

அடுத்தது மைக். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். போன் பிள்ளையின் மேசையில், நீங்கள் பலகையருகே, நடுவில் மின்விசிறிச் சத்தம், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு. இதில் திரையில் வருவது உங்கள் பேச்சாக இருக்காது. சட்டையிலோ புடவையிலோ குத்திக்கொள்ளும் வயர்லெஸ் காலர் மைக் கிடைத்தால் அதைப் போனில் இணைத்து, செயலியின் அமைப்பில் அந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். வாங்க வழியில்லையா? பிள்ளையை முதல் பெஞ்சில் உட்கார வைத்து, போனுக்கு அருகில் நின்று பேசுங்கள். பாடநூலில் ஒரு பத்தியை வாசித்துப் பாருங்கள். திரையில் சரியாக வருகிறதா என்று பிள்ளையே சொல்லட்டும்.

சரி, இனிப் பாடம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை பதில் சொன்னால் அதை நீங்கள் மைக் அருகே திரும்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நண்பர்கள் சொன்ன பதில் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. ‘ஒளிச்சேர்க்கை’ போன்ற புதுச் சொற்களை முன்பே பலகையில் எழுதிவிடுங்கள். செயலி தப்பாக எழுதினாலும் பிள்ளை கண்டுபிடித்துக்கொள்ளும்.

காது கேட்கும் கருவியையும் சைகை மொழியையும் இதற்காக நிறுத்தவே கூடாது.

சேமிக்கும் வசதியை இயக்கினால் பேச்சின் எழுத்து 3 நாள் போனில் இருக்கும். அதற்குள் நகலெடுத்து, பிழை திருத்தி, பிள்ளைக்குப் பாடக்குறிப்பாகக் கொடுங்கள். திருத்தும்போது பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரி புரியாமல் போனது என்று அப்போதுதான் தெரியும்; மறுநாள் வகுப்பை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.