குழந்தைகள் இல்லத்தில் மேற்பார்வை: பணியாளருக்கும் களப்பணி மாணவருக்கும்

தமிழ்நாட்டில் குழந்தைகள் இல்லம் நடத்தும் தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் மேற்பார்வை என்றால் கையெழுத்துதான். களப்பணிக்கு வந்த எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) மாணவர் வெள்ளிக்கிழமை மாலை ரிப்போர்ட்டை நீட்டுவார். பொறுப்பாளர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுப்பார். அந்த வாரம் மாணவர் ஒரு குழந்தையிடம் என்ன சொன்னார், அது சரியா தவறா என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். இதை மாற்ற வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்த மணி நேரம் முன்பே குறிக்கப்பட்டதாகவும், யாரும் குறுக்கிடாததாகவும் இருக்க வேண்டும்.

மேற்பார்வையில் மூன்று வேலைகள் இருக்கின்றன: பணி நடந்ததா என்று பார்ப்பது, தெரியாததைக் கற்றுக்கொடுப்பது, பணி செய்பவர் உடைந்துபோகாமல் தாங்குவது. முதல் வேலை மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். ஃபைல் முழுமையா, ரிஜிஸ்டர் எழுதியாச்சா என்று கேட்பது எளிது. ஆய்வுக்கு வரும் அதிகாரியும் அதைத்தான் கேட்பார். அதனால் ஃபைல் சரிபார்ப்புக்கு வேறு நாள் ஒதுக்குங்கள். சம்பளம், விடுப்பு, டியூட்டி மாற்றம் ஆகியவற்றையும் இந்த மணி நேரத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

மாணவர் வருவதற்கு முன்

கல்லூரிக் கடிதம் வந்ததும் மூன்றை எழுத்தில் முடிவு செய்யுங்கள். மாணவர் வாரத்தில் எந்த இரண்டு நாள் வருவார், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. நேரடி மேற்பார்வையாளர் யார். அவர் விடுப்பில் போனால் யார். "இங்க எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்ற ஏற்பாட்டில் யாருமே பார்ப்பதில்லை.

கேஸ், அதாவது மாணவர் பொறுப்பில் ஒரு குழந்தையை ஒதுக்குவதில் அவசரம் வேண்டாம். முதல் இரண்டு வாரம் இல்லத்தின் அன்றாட ஓட்டத்தைப் பார்க்கட்டும். பிறகு ஒரே ஒரு கேஸ், அது ஓடத் தொடங்கியதும் அடுத்தது. பள்ளிக்குப் போக மறுக்கும் குழந்தை, பெற்றோர் பார்க்க வராத குழந்தை போன்றவை முதலாண்டு மாணவருக்குப் பொருந்தும். பாலியல் வன்முறைக்கு ஆளாகி வழக்கு நடந்துகொண்டிருக்கும் குழந்தையை மாணவரிடம் ஒப்படைக்கவே கூடாது. ஏற்கெனவே பலரிடம் சொல்லிச் சொல்லிக் களைத்த குழந்தை அது. கல்லூரி கேட்கும் கேஸ் எண்ணிக்கைக்காக அதை இன்னொரு முறை பேசவைப்பது அநியாயம்.

குழந்தையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் முதல் ஹோம் விசிட்டுக்கு ஒரு பணியாளரும் கூடப் போக வேண்டும். பிறகு தனியாக அனுப்பினாலும், போகும் இடம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் மூன்றும் இல்லத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரம்

கதவு மூடியிருக்கட்டும், போன் சைலண்டில் இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் அவசரமானவை. அடுத்த நாற்பது நிமிடம் ஒரு கேஸ், மிஞ்சினால் இரண்டு. எல்லாக் கேஸையும் தொட முயன்றால் எதையும் ஆழமாகப் பார்க்க முடியாது. பிறகு பத்து நிமிடம் மாணவரைப் பற்றி. கடைசி ஐந்து நிமிடம் முடிவுகளை எழுத.

"எப்படிப் போகுது?" என்று கேட்டால் "நல்லா போகுது மேடம்" என்ற பதில்தான் வரும். "அந்தப் பையன் முதல்ல என்ன சொன்னான்? அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேளுங்கள். இதற்கு உதவுவது உரையாடல் பதிவு. ஒரு சந்திப்பில் பத்து நிமிடப் பேச்சை மட்டும், அன்றே, நினைவிலிருந்து மூன்று பத்தியாக எழுதச் சொல்லுங்கள்: குழந்தை சொன்னது, தான் சொன்னது, அப்போது தன் மனதில் ஓடியது. குழந்தை முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கக் கூடாது. ரெக்கார்டும் செய்யக் கூடாது. பதிவைப் படித்து இரண்டே இடங்களைக் குறியிடுங்கள், ஒன்று நன்றாகச் செய்தது, மற்றது வேறு மாதிரி செய்திருக்கலாம் என்பது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை தீட்டினால் அடுத்த வாரம் பதிவு "சுத்தமாக" வரும், அதாவது புனைந்து எழுதப்பட்டிருக்கும்.

களப்பணி ரிப்போர்ட்டுகளில் இரண்டு வாக்கியங்களைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஒன்று "நல்லுறவு ஏற்படுத்தினேன்", மற்றொன்று "கவுன்சிலிங் கொடுத்தேன்". சரியாக என்ன பேசினீர்கள் என்று கேட்டால், இரண்டாவது பெரும்பாலும் "நல்லா படிக்கணும், அம்மாவை நினைச்சு அழக்கூடாது" என்ற அறிவுரையாக இருக்கும். அதைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. நீங்கள் குழந்தையாக உட்கார்ந்து, மாணவரை அதே பேச்சை மறுபடி நடத்தச் சொல்லுங்கள். அறிவுரை எங்கே கதவை அடைக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் அவருக்கே தெரிந்துவிடும்.

மாணவர் சொந்தக் காசில் குழந்தைக்குப் பேனா, டிரெஸ் வாங்கித் தருவது அடிக்கடி நடக்கும். அது அன்புதான். ஆனால் பக்கத்துப் படுக்கைக் குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மாணவர் போன பிறகு அந்த ஏமாற்றத்தைச் சமாளிக்கப்போவது இல்லத்துப் பணியாளர். தேவை உண்மையானால் இல்லத்தின் வழியாக வாங்குவது என்று விதி வைத்துவிடுங்கள்.

குறிப்பேட்டில் தேதி, கேஸ் எண், எடுத்த முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று ஐந்து கட்டம் போதும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாணவரின் சொந்தத் துயரம் பேச்சில் வந்தால் விவரம் எழுத வேண்டாம். "சொந்தக் காரணத்தால் இந்த வாரம் ஹோம் விசிட் தள்ளிவைக்கப்பட்டது" என்ற அளவு போதும்.

வாரம் முடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைச் சொன்னால் அன்றே, அப்போதே உங்களுக்குத் தெரிய வேண்டும். முதல் நாளே மாணவருக்குச் சொல்லிவைக்க வேண்டியவை: "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதே, துருவிக் கேட்காதே, குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதிவை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்த எவரும் சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். மேற்பார்வையாளரிடம் சொன்னதோடு மாணவரின் கடமை தீர்ந்துவிடாது. அதனால் தகவல் போய்ச் சேர்ந்ததை அவருக்கும் காட்டுங்கள். தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தன்கீழ் உள்ள பணியாளர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காவிட்டால் ஓராண்டுவரை சிறையும் அபராதமும். வழிகாட்டுதல் தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

குழந்தைகளின் பெயரும் படமும் கல்லூரி ரிப்போர்ட்டிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ வரக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது.

மாணவிக்கே பாலியல் தொல்லை நேர்ந்தால், பணியிடத்தில் பெண்களைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பயிற்சி பெறுபவரும் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். அது இல்லாத சிறிய இல்லம் என்றால் மாவட்ட உள்ளூர் குழுவிடம் புகார் கொடுக்கலாம். புகாருக்கு மூன்று மாத அவகாசம்.

இல்லத்தாய்க்கும் வேண்டும்

மேற்பார்வை மிகவும் தேவைப்படுபவர், குழந்தைகளோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தாய். இரவு இரண்டு மணிக்கு அலறி எழும் குழந்தையோடு இருப்பவர் அவர்தான். ஆனால் மேற்பார்வை என்ற பெயரில் அவருக்குக் கிடைப்பது அரிசிக் கணக்கு விசாரணை. குழந்தைகள் பள்ளியில் இருக்கும் முற்பகலில், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். எழுதத் தயங்குபவர் என்றால் நீங்கள் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பணியாளர் கூட்டம் இதற்கு ஈடாகாது. "அந்தப் பெண்ணைக் கண்டாலே எரிச்சலா வருது" என்று பத்துப் பேர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாத எரிச்சல் ஒருநாள் கைநீட்டலில் முடியும்.

"அவ அப்படித்தான், திருந்த மாட்டா" என்ற பேச்சு, சுருங்கிக்கொண்டே போகும் டைரிப் பதிவு, திடீர் விடுப்புகள், இவை களைப்பின் அடையாளங்கள். அப்போது பயிற்சி வகுப்புக்கு அனுப்பாதீர்கள். முதலில் ஓய்வு நாளும் இரவு டியூட்டி மாற்றமும் கொடுங்கள். எல்லோரும் உங்களை "அக்கா" என்று அழைக்கும் இல்லத்தில் குறையைச் சொல்வது கடினம், உறவு கெடுமோ என்று இரு தரப்பும் மழுப்பும். ஆளைப் பற்றிப் பேசாமல் நடந்ததைப் பற்றிப் பேசினால் சொல்ல முடியும்: "செவ்வாய் ராத்திரி கதவை வெளியே பூட்டியிருந்தீங்க. என்ன நடந்துச்சு?"

மதிப்பீடும் விடைபெறலும்

மதிப்பீட்டைப் பருவத்தின் பாதியில் ஒருமுறை, கல்லூரி ஆசிரியரையும் உட்காரவைத்துச் செய்யுங்கள். தேறமாட்டார் என்று தோன்றினால் இரண்டு குறிப்பான குறைகளையும் திருத்தத் தேதியையும் அன்றே எழுத்தில் கொடுங்கள். கடைசி நாளில்தான் மாணவருக்குத் தெரியவருகிறது என்றால் தவறியது மேற்பார்வை. பாவம் பார்த்து எல்லோருக்கும் தொண்ணூறு போடும் வழக்கமும் வேண்டாம். அந்த மதிப்பெண்ணோடு அவர் அடுத்த இல்லத்தில் வேலைக்குச் சேர்வார்.

களப்பணி முடிய நான்கு வாரம் இருக்கும்போதே மாணவர் தான் போகப்போவதைக் குழந்தையிடம் சொல்லத் தொடங்க வேண்டும். "சீக்கிரம் வந்து பார்க்கிறேன்" என்ற வாக்கு கூடாது. ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி, இனிப் பார்க்கப்போகும் பணியாளரோடு குழந்தையை ஒருமுறை சேர்ந்து சந்திக்கவையுங்கள். கடைசி நாளில் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கி, போனில் குழந்தைகளின் படம், பெற்றோர் எண் இருந்தால் உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.