இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பு: சிறு ஆலையில் கலக்கும் முறை

தேசியக் குடும்பநல ஆய்வின் 5ஆம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காரும் பெண்ணின் தட்டுக்கு ஈரலும் முட்டையும் வராமல் போகலாம். குழம்பில் கரைந்த உப்பு கட்டாயம் வந்துசேரும். அந்த உப்பிலேயே இரும்பையும் அயோடினையும் கலந்துவிடலாம். ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் பெரிய அளவில் செய்யும் இந்த வேலையை, உணவுப் பாதுகாப்பு உரிமமும் நல்ல தராசும் உள்ள சிறு ஆலையும் செய்யலாம்.

சிக்கல் ஒன்றுதான்: இரும்பும் அயோடினும் ஒத்துப்போகாது. ஈரத்தில் இரண்டும் நேராகத் தொட்டால் அயோடினுக்காகச் சேர்க்கும் பொட்டாசியம் அயோடேட் சிதைந்து அயோடின் ஆவியாகிவிடும், இரும்பு துருவேறி உப்பு பழுப்பாகும். அதனால் கொழுப்புப் பூச்சிட்ட ஃபெரஸ் ஃபியூமரேட் (ஓர் இரும்புச் சேர்மம்) பிரீமிக்ஸையே, அதாவது உப்பில் கலக்கத் தயாராக வரும் மணிகளையே வாங்குங்கள். ஃபெரஸ் சல்பேட்டோடு சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் சேர்க்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் முறை வேறு. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அம்பாரத்திலிருந்து அள்ளிய உப்பு ஆகாது. அதில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கழுவி, உலர்த்தி, அரைத்துச் சலித்த தூள் உப்புதான் வேண்டும். பிரீமிக்ஸ் மணியும் உப்பு மணியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். இல்லையென்றால் லாரி குலுக்கலில் ஒன்று மூட்டையின் அடிக்குப் போய்விடும். கல்லுப்பு இதற்குச் சரிவராததற்கும் அதுவே காரணம்.

100 கிலோவுக்குக் கணக்கு. ஆலையை விட்டுப் புறப்படும் உப்பில் அயோடின் 20–30 பிபிஎம் (ஒரு கிலோ உப்பில் இத்தனை மில்லிகிராம்), இரும்பு 850–1100 பிபிஎம் இருக்க வேண்டும் என்பது சட்ட அளவு. 25 பிபிஎம் அயோடினுக்கு 4.2 கிராம் பொட்டாசியம் அயோடேட் போதும், அதில் 59.3 சதவீதம் அயோடின். 950 பிபிஎம் இரும்புக்கு, 20 சதவீதம் இரும்புள்ள பிரீமிக்ஸ் 475 கிராம். உங்கள் பிரீமிக்ஸ் பையில் வேறு சதவீதம் இருந்தால் 95 கிராம் இரும்பு வருமாறு கணக்கை மாற்றுங்கள். அயோடேட்டை நிறுக்க 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்; மளிகைக்கடைத் தராசு உதவாது.

அயோடேட்டைச் சுமார் 100 மில்லி நீரில் முழுக்கக் கரைத்து, ரிப்பன் பிளெண்டர் (உள்ளே சுருள் பட்டை சுழலும் கலவை இயந்திரம்) ஓடும்போது மெல்லிய தூவலாகத் தெளியுங்கள். உப்பு நன்கு உலர்ந்து ஆறிய பிறகே பிரீமிக்ஸ் போட வேண்டும். டிரையரிலிருந்து சுடச்சுட வரும் உப்பில் கொட்டினால் பூச்சு இளகிவிடும். பிரீமிக்ஸை முதலில் 5 கிலோ உப்போடு கலந்து, பிறகு மொத்தத்தோடு சேர்த்தால் சீராகப் பரவும். 10 நிமிட ஓட்டத்துக்குப் பின் பல இடங்களிலிருந்து சாம்பிள் எடுத்துப் பாருங்கள். அதற்கு மேல் வெகுநேரம் ஓட்டினாலோ, கலந்ததை மறுபடி அரைத்தாலோ பூச்சு உடைந்து, செய்த வேலையெல்லாம் வீண்.

சோதனையில் பலர் சறுக்கும் இடம் இது. இரும்பு கலந்த உப்பில் வழக்கமான டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை) அயோடின் அளவைத் தவறாகக் காட்டலாம். எனவே இரும்பு போடும் முன்பே ஒரு சாம்பிள் எடுத்து அயோடினைப் பார்த்துவிடுங்கள். உப்பின்மேல் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை கிட்டில் நீலம் வந்தால் அயோடின் இருக்கிறது என்று அறியலாம், துல்லிய அளவு தெரியாது. இரும்பின் அளவை ஆய்வகத்தில் பார்ப்பதே நல்லது.

ஈரம் புகாத பிளாஸ்டிக் உறையில் அடையுங்கள். வெறும் சாக்குப்பை கூடாது.

வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. பூச்சு சரியில்லாத உப்பு தயிர்சாதத்தில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அழுக்கென்று நினைத்து உப்பையே கொட்டிவிடுவார்கள். வாழைப்பூ, கத்திரிக்காய் போன்ற துவர்ப்புக் காய்களும் இரும்பு பட்டால் கறுக்கும். இதனால் கெடுதல் இல்லை. உப்பை இறக்கும் தறுவாயில் போடுவதும், மூடிய ஜாடியை அடுப்பருகில் வைக்காததும் நல்லது.

5 கிராம் உப்பில் கிடைப்பது 4.75 மில்லிகிராம் இரும்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். ஆகவே கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது, இரும்புக்காக உப்பைக் கூட்டவும் கூடாது. மாத்திரையைப் பொடித்து வீட்டு உப்பில் கலப்பதும் வேண்டாம்: ஒரு கரண்டியில் அதிகம், மறு கரண்டியில் ஒன்றுமில்லை என்றாகும்.

பரம்பரை இரத்த நோய்களான தலசீமியா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும், அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்ற வரியை உறையில் அச்சிடுவது முன்பு கட்டாயமாக இருந்தது; 2024இல் அந்த விதி நீக்கப்பட்டது.