ஒரே லைனில் ஃபோனும் ஃபேக்ஸும்: மலைப் பகுதியில் லைன் ஷேரிங் ஸ்விட்சைச் சோதிப்பது எப்படி

கோத்தகிரி எஸ்டேட் ஆபீஸானாலும் குன்னூர் லாட்ஜானாலும் ஒரே லைனை ஃபோன், ஃபேக்ஸ் என்று பல கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் லைன் ஷேரிங் ஸ்விட்சைப் பற்றி வரும் புகார் ஒன்றுதான்: மழை பிடித்தால் படுத்துவிடுகிறது. பல நேரம் கோளாறு ஸ்விட்சில் இருக்காது, லைனில்தான் இருக்கும். அதனால் முதலில் லைனைத் தனியாகச் சோதியுங்கள், பிறகு ஸ்விட்சைத் தனியாகச் சோதியுங்கள், கடைசியாக இரண்டையும் சேருங்கள். ஒரு மல்டிமீட்டரும், சரியாக வேலை செய்கிற சாதாரண ஃபோன் இரண்டும் இருந்தால் போதும்.

லைன் மட்டும்

ரோசெட் பெட்டியில் (லைன் வீட்டுக்குள் வந்து முடியும் சிறு பெட்டி) ஃபோன், ஃபேக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். 48 வோல்ட்டை ஒட்டி, 45-க்கும் 54-க்கும் இடையில் இருக்க வேண்டும். எதுவுமே மாட்டாதபோது 35, 38 என்று இறங்கியிருந்தால் வழியில் எங்கோ கசிவு இருக்கிறது. மூடுபனியும் ஓதமும் விடாத ஊர்களில் வெளியிலிருந்து வீட்டுக்கு இழுத்த டிராப் வயர் ஒட்டு போட்ட இடத்தில் பச்சைக் களிம்பு படிவதுதான் வழக்கமான காரணம். வெயில் அடிக்கும் மதியத்தில் அளந்தால் எல்லாம் சரியாகத் தெரியும். நனைந்த காலையில் ஒரு தரம், காய்ந்த பிறகு ஒரு தரம் அளந்து ஒப்பிடுங்கள்.

அடுத்து ஒரே ஒரு ஃபோனை மாட்டி ரிசீவரைத் தூக்குங்கள். வோல்டேஜ் 6 முதல் 12-க்குள் விழ வேண்டும். மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து, ஒரு கம்பியை மட்டும் துண்டித்து அதற்குத் தொடராகக் கோத்தால் கரண்ட் தெரியும். 20 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் நிம்மதி. எக்ஸ்சேஞ்சிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளிய எஸ்டேட்டுக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள்: 0.5 மில்லிமீட்டர் செம்புக் கம்பி போக-வர கிலோமீட்டருக்குச் சுமார் 168 ஓம். எக்ஸ்சேஞ்சின் ஊட்டு மின்தடை 800 ஓம், ஃபோன் 250 ஓம் என்று வைத்தால் 28 மில்லி ஆம்பியர் வரும். அதே தூரத்துக்கு 0.4 மில்லிமீட்டர் கம்பி என்றால் 22-க்கு இறங்கிவிடும். அதன்மேல் ஒரு களிம்பு ஒட்டும் சேர்ந்தால், ரிசீவரைத் தூக்கியதே ஸ்விட்சுக்குத் தெரியாமல் போகலாம். அளந்து முடித்ததும் மீட்டர் வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள்.

மூன்றாவதாக அளக்க வேண்டியது ரிங் வோல்டேஜ். ஏசி ரேஞ்சை 200-லோ அதற்கு மேலோ வைத்து, மொபைலிலிருந்து அழையுங்கள். நம் நாட்டு ரிங் 0.4 நொடி அடித்து, 0.2 நொடி விட்டு, மறுபடி 0.4 நொடி அடித்து, 2 நொடி ஓயும். மலிவான மீட்டரால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, எண் துள்ளும். காட்டியதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 60-லிருந்து 90 வோல்ட் வரை நல்ல ரிங். ரிங் வராதபோதே மீட்டர் 100 வோல்ட்டுக்கு மேல் காட்டி, முனைகளை மாற்றிப் பிடித்தால் சைபர் காட்டினால், அந்த மீட்டர் டிசியைத் தடுக்கவில்லை என்று பொருள். ஒரு முனையோடு 0.47 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் கெப்பாசிட்டரைத் தொடராகச் சேர்த்து அளங்கள். ரிங் வரும்போது வெறுங்கையால் கம்பியைத் தொட்டால் நன்றாகவே அடிக்கும்.

பாதி ரிங்கிலேயே நின்றுபோய், எடுத்தால் ஆளில்லை என்றால் அதுவும் கசிவின் வேலைதான். நனைந்த ஒட்டு வழியாகப் போகும் கரண்டைப் பார்த்து, யாரோ எடுத்துவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்கிறது. ஸ்விட்சை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. ரோசெட்டுக்கு வெளியே இருப்பது கம்பெனிக்காரர்கள் பொறுப்பு. லைன்கள் வீடுகளுக்குப் பிரியும் டிபி பாக்ஸைத் திறக்காமல், அளந்த எண்களோடு புகார் கொடுங்கள். ஜெல்லி நிரப்பிய இணைப்பான் போட்டு ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அடாப்டர் இல்லாத ஸ்விட்ச்

ஸ்விட்சில் இரண்டு வகை உண்டு. அடாப்டர் இல்லாத வகையின் வேலை, முதலில் எடுத்தவருக்கு லைனைக் கொடுத்து மற்றவர்களை வெட்டிவிடுவது. ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் (ஃபோன் மாட்டும் துளை), குறிப்பிட்ட வோல்டேஜைத் தாண்டினால்தான் திறக்கும் குறைக்கடத்தி ஒன்று இருக்கும். லைன் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் என்பதால் முதல் ஃபோன் உடனே திறந்துகொள்ளும். அதன் பிறகு லைன் 10 வோல்ட்டுக்கு விழுந்துவிடுவதால் இரண்டாவது போர்ட் திறக்க வழியில்லை. ரிங் வோல்டேஜ் பெரியது என்பதால் எல்லாப் போர்ட்டுக்கும் போகும்.

சோதனை எளிது. முதல் ஃபோனில் டயல் டோன் கேட்கும்போது இரண்டாவதைத் தூக்குங்கள். அங்கே முழு அமைதி இருக்க வேண்டும். பேச்சு மெல்லியதாகக் கேட்டால் அந்தப் போர்ட் ஷார்ட் ஆகிவிட்டது; இடி விழுந்த வீடுகளில் இது சகஜம். பிறகு இடம் மாற்றி மறுபக்கமும் பாருங்கள். யாராவது பேசும்போது, அதே ஸ்விட்சில் மாட்டிய கார்டு தேய்க்கும் மெஷின் லைன் இல்லை என்று சொன்னால் அது கோளாறல்ல, ஸ்விட்ச் தன் வேலையைச் செய்கிறது. ஒரு பலவீனம் மட்டும் உண்டு. பேசுகிறவர், லைனை ஒரு கணம் வெட்டும் ஃப்ளாஷ் பட்டனைத் தட்டினால் லைன் ஒரு கணம் 48-க்கு ஏறும். அந்த நேரத்தில் தூக்கி வைத்திருக்கும் மற்ற ஃபோன் லைனைப் பிடித்துக்கொள்ளும்.

ஃபேக்ஸை அடையாளம் காணும் ஸ்விட்ச்

அடாப்டரோடு வரும் இந்த வகை, அழைப்பைத் தானே எடுத்து, அழைத்தவருக்குப் பொய் ரிங் ஓசையைக் கேட்கவிட்டு, சில நொடி காது கொடுக்கும். அனுப்பும் ஃபேக்ஸ் 1100 ஹெர்ட்ஸில் அரை நொடி கூவி 3 நொடி ஓயும். அது கேட்டால் ஃபேக்ஸ் போர்ட்டுக்கும், கேட்காவிட்டால் ஃபோன் போர்ட்டுக்கும் தானே ரிங் தயாரித்து அனுப்பும். ஸ்விட்ச் எடுத்த கணத்திலிருந்தே அழைத்தவருக்குக் கட்டணம் ஓடும் என்பதை வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள்.

முதல் சோதனை, அடாப்டரைப் பிடுங்குவது. உள்ளே ரிலே (கரண்டில் இயங்கி இணைப்பை மாற்றும் பாகம்) பழைய நிலைக்கு விழுந்து, ஃபோன் போர்ட்டில் நேரடியாக டயல் டோன் வர வேண்டும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கரண்ட் போகும் ஊரில் இது இல்லாத ஸ்விட்சை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

அடாப்டரை மாட்டிவிட்டு இன்னொரு லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டுப் பேசாமல் இருங்கள்; ஃபோன் அடிக்க வேண்டும். மறுபடி அழைத்து, மவுத்பீஸ் பக்கத்தில் 1100 ஹெர்ட்ஸ் ஒலியை மேலே சொன்ன கணக்கில் விட்டு விட்டு ஒலிக்கவிடுங்கள். ஃபேக்ஸ் அடிக்க வேண்டும். டோன் ஜெனரேட்டர் ஆப் இருந்தால் போதும். ஆனால் அழைப்பது மொபைலாக இருக்கக் கூடாது. மொபைல் நெட்வொர்க் இந்த ஒலியை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடலாம். நிஜ ஃபேக்ஸிலிருந்து சரியாக வந்து, ஆப்பில் மட்டும் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஃபேக்ஸ் மெஷினை முதல் ரிங்கிலேயே எடுக்கும்படி செட் செய்யுங்கள். தாமதித்தால் அனுப்புகிற மெஷின் சலித்து வைத்துவிடும்.

எல்லோரும் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. அழைத்துவிட்டு, யாரும் எடுக்கும் முன் வைத்துவிட்டு, ஸ்விட்சின் விளக்கைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் லைனை விட வேண்டும். அமெரிக்க பிஸி டோன் 480, 620 ஹெர்ட்ஸ் கலவை. நம்முடையது 400 ஹெர்ட்ஸ், 0.75 நொடி ஒலித்து 0.75 நொடி ஓய்வது. வெளிநாட்டு அமைப்பிலேயே விட்ட ஸ்விட்சுக்கு இது பிஸி என்றே புரியாது. லைனைப் பிடித்தபடி இருக்கும், வெளியிலிருந்து அழைப்பவர்களுக்கு மணிக்கணக்கில் எங்கேஜ்டாகத் தெரியும். நாட்டுத் தேர்வு இருந்தால் இந்தியாவுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நேரக் கட்டுப்பாட்டை இயக்குங்கள்.

ஃபோன் மெலிதாக அடித்தாலோ பழைய மணி ஃபோன் அடிக்கவே மறுத்தாலோ போர்ட்டில் ரிங் வோல்டேஜை அளங்கள். பல ஸ்விட்சுகள் 40-லிருந்து 60 வோல்ட்தான் தரும். ஒரு போர்ட்டில் மூன்று ஃபோன் மாட்டினால் அதுவும் சரியும். அடாப்டர் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

பொருத்தும் இடம்

பிராட்பேண்ட் இருந்தால் முதலில் அதையும் ஃபோனையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், அதன் ஃபோன் துளையில்தான் ஸ்விட்ச். ஈரச் சுவரில் ஒட்டி வைக்காமல் பலகைமேல் பொருத்துங்கள். வயர் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். ஏப்ரல், மே, அக்டோபரில் இடி முழங்கத் தொடங்கும்போதே லைன் வயர், அடாப்டர் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். ஒன்றை மட்டும் பிடுங்கினால் மற்றதன் வழியாக மின்னல் வரும். ரோசெட்டில் மின்னலை மண்ணுக்குத் திருப்பும் கேஸ் அரெஸ்டர் போட்டாலும், நல்ல எர்த் இல்லாவிட்டால் அதனால் பயனில்லை.

செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்த வீடுகளில், மோடத்தின் ஃபோன் துளையே இப்போது எக்ஸ்சேஞ்ச். அங்கே ரிங்கும் கரண்டும் குறைவாக இருக்கலாம் என்பதால் மேலே சொன்ன மூன்று அளவையும் மறுபடி எடுங்கள். மோடத்துக்கு பேட்டரி இல்லையென்றால், கரண்ட் போனதும் ஸ்விட்சின் ரிலே விழுந்தாலும் டயல் டோன் வராது.