ஆட்சியர் அலுவலகம் தாக்கப்பட்டால் பொறுப்புக் கேட்பது எப்படி?

கலவரத்தில் அரசு அலுவலகம் ஒன்று தாக்கப்பட்டால், கல்லெறிந்தவர்கள் மீது அன்றைக்கே வழக்குப் பதிவாகிவிடும்; வாயிலைக் காக்கத் தவறியவர் யார் என்பதை மட்டும் எழுத்தில் கேட்பார் இல்லை. கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அப்படியொன்று நேர்ந்தால் (நேரவே வேண்டாம்) அக்கேள்வியை ஒரு குடிமகன் எடுத்துச் செல்லும் வழி இது.

முதல் வேலை, சிசிடிவி பதிவுகளை அழியவிடாமல் பாதுகாக்கும்படி ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒப்புகையுடன் கூடிய கடிதம் அனுப்புவது. பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில் "ஏன் தடுக்கவில்லை?" என்று எழுதினால் பயனில்லை, அச்சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தைத் தராது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வாயிலில் நிற்கும் பெண் காவலர் மனுதாரரின் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்ப்பது, 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்த பிறகு எங்கும் இறுகிய ஏற்பாடு. அது மண்ணெண்ணெய்க்கான சோதனை; ஆயிரம் பேர் திரண்டு வந்தால் அதற்கென்று தனிப் பந்தோபஸ்துத் திட்டம் இருந்தாக வேண்டும். ஆகவே அன்றைய பந்தோபஸ்து உத்தரவின் நகல், பணியில் அமர்த்தப்பட்ட காவலர் எண்ணிக்கை, கூடுதல் படை கேட்ட நேரம், அது வந்து சேர்ந்த நேரம், தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டிருந்தால் அதன் நகல் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது எச்சரிக்கை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் மேசைக்கு வந்தது என்பதுதான். 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்ததை ஆராய்ந்த செனட் குழுக்கள், முந்தைய நாள் எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) கிளை அலுவலகம் ஒன்று தந்த எச்சரிக்கை பாதுகாப்புத் தலைமையைச் சென்றடையவே இல்லை என்று கண்டன. உளவுத் தகவல் என்றதும், மாநில உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்களிக்க இடம்தரும் 24(4) பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும். மனித உரிமை மீறல் தொடர்பான தகவலுக்கு அவ்விலக்கு கிடையாது. விசாரணை நடக்கிறது என்று சொல்லி 8(1)(எச்) பிரிவைக் காட்டினால், அத்தகவல் விசாரணைக்கு எவ்வாறு இடையூறாகும் என்பதை அவர்கள்தான் நிறுவ வேண்டும்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் திருப்தி இல்லையேல் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. சம்பவம் நடந்தது எல்லைக்கு அப்பால், புதுச்சேரி அரசு அலுவலகத்தில் என்றால், இரண்டாவது மேல்முறையீடு சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு அல்ல, டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கே போகும்.

"அதிகாரி மாற்றப்பட்டுவிட்டார்" என்ற செய்தியில் ஏமாற வேண்டாம். இடமாற்றமும் காத்திருப்போர் பட்டியலும் சட்டப்படி தண்டனையே அல்ல. காவலர், ஆய்வாளர் நிலையில் இருப்பவர்களுக்குக் காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளின் 3(பி), வருவாய்த் துறையினருக்குக் குடிமைப் பணி ஒழுங்கு விதிகளின் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்பட்டதா, அதில் பிறப்பித்த இறுதி உத்தரவு என்ன என்று கேளுங்கள். கீழ்நிலைக் காவலர் மீது மட்டும் குறிப்பாணை பாய்ந்து, பந்தோபஸ்து உத்தரவில் கையொப்பமிட்டவர் தப்பியிருந்தால், அந்த இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்தாலே விஷயம் புரிந்துவிடும்.

உயிரிழப்பு நேர்ந்தால் விசாரணை ஆணையம் அமைக்கக் கோரலாம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கிய பேரணியையொட்டி அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூடு 13 உயிர்களைப் பறித்தது. அதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில்தான் சட்டப்பேரவைக்கு வந்தது. அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்புடன் அதைப் பேரவையில் வைக்க வேண்டும் என்கிறது 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் 3(4) பிரிவு. ஆணையம் பரிந்துரைக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது. அதனால் அந்த நடவடிக்கைக் குறிப்பைத்தான் அறிக்கையைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும்.

மனித உரிமை ஆணையத்தை அணுகுவதானால் ஓராண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். தகவல் மனுக்களுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.